“சலுகை வேண்டாம், சமமாக நடத்துங்கள்” என்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பாகுபாட்டுக்கு எதிராக ஊழியர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறோம். நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு கோரிக்கை மனு தயாராகிவிட்டது. அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பதாரரின் பெயரும் புகைப்படமும் தேர்வு செய்பவர் கண்ணில் படக்கூடாது. காது கேளாத ஊழியர்களுக்குக் கூட்டங்களில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். பெண்களுக்கு இரவுப் பணி போடக்கூடாது. மேல்பதவிகளுக்கு இதுவரை வரவே முடியாத பிரிவினருக்குக் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்க வேண்டும். மனுவின் தலைப்பாக எங்கள் மூத்த தோழர் ஒருவர் ‘சலுகை வேண்டாம், சமமாக நடத்துங்கள்’ என்று எழுதினார். அதைப் படித்த காது கேளாத தோழி, ‘அப்படியானால் நான் கேட்பது சலுகையா?’ என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். மூத்தவரோ, ‘தனியாக ஏதாவது கேட்டால் நாம் குறைந்தவர்கள் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். என்னையும் மற்றவர்களைப் போல நடத்து என்றுதான் இத்தனை வருஷம் போராடினேன்’ என்கிறார். குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இவர்களில் யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். மனுவின் தலைப்பை மாற்றுங்கள். இரவுப் பணி பற்றிய கோரிக்கையை இப்போது இருக்கும் வடிவத்தில் கொடுக்காதீர்கள். மற்ற மூன்றும் இருக்கட்டும். ஆனால் மூன்றுக்கும் ஒரே நியாயத்தைச் சொல்லாதீர்கள், ஏனென்றால் அவை மூன்றும் மூன்று வகை. நான் வேலையிடப் பாகுபாடு தொடர்பான வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர். பாகுபாட்டை எதிர்க்கும் குழுக்கள் எதிராளியிடம் தோற்றுக் கலைவதைவிட, ‘ஒரே மாதிரி நடத்து’ என்பவர்களும் ‘வித்தியாசத்தைப் பார்த்து நடத்து’ என்பவர்களும் தங்களுக்குள் முட்டிக்கொண்டு கலைவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் குழுவுக்கு அது நேரக்கூடாது என்ற கவலையோடு எழுதுகிறேன்.

மூத்த தோழரிடமிருந்து தொடங்குகிறேன். அவரைப் பழைய காலத்து ஆள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அவருடைய பயத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மனிதர்களை ஒதுக்கி வைத்தவர்கள் பெரும்பாலும் ‘தனியாக நடத்துகிறோம், எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்’ என்ற பேச்சோடுதான் வந்திருக்கிறார்கள். ரயிலில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பெட்டி என்ற சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்பளித்தது. ‘தனியாக இருந்தாலும் சமம்தான்’ என்ற அந்த வாதம் 1954 வரை பள்ளிக்கூடங்களைப் பிரித்து வைத்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு தன் கொள்கைக்குக் கொடுத்த கௌரவமான பெயர் ‘தனித்தனி வளர்ச்சி’. 1896 தீர்ப்பில் தன்னந்தனியாக மறுத்து எழுதிய நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன், அரசியல் சாசனத்துக்கு நிறம் தெரியாது என்றார். பின்னால் வந்த உரிமைப் போராளிகளுக்கு அந்த வரி பெரிய பலமாக இருந்தது. ஆக, ‘என்னை வேறாகப் பார்க்காதே’ என்பது உயர்ந்த கோரிக்கை. அதைச் சொல்லித்தான் பல கதவுகள் திறந்தன.

ஆனால் கதவு திறந்த மறுநாளே என்ன நடக்கும் என்பதையும் அவர் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ட்யூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் ஆலை ஒன்று. அங்கே கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலிப் பிரிவில் மட்டும்தான் வேலை கொடுப்பார்கள். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம், மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே நிறுவனம் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமானால் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும், இரண்டு திறனறி தேர்வுகளிலும் தேற வேண்டும். கறுப்பர், வெள்ளையர் எல்லோருக்கும் ஒரே விதி, எழுத்துப் பிசகாமல்!

அந்த வட்டாரத்துக் கறுப்பினப் பிள்ளைகள் தரம் குறைந்த தனிப் பள்ளிகளில் படிக்க வைக்கப்பட்டவர்கள். விதி யாரை வடிகட்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அதைவிட முக்கியமான ஒன்று வழக்கில் வெளிவந்தது. சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளைத் தொழிலாளர்கள் அதே வேலையை எந்தக் குறையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியென்றால் அந்தச் சான்றிதழுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. 1971-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், நரியும் கொக்கும் கதையை நினைவூட்டினார். நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதைதான். ஒரே பாத்திரத்தில் பாலை ஊற்றி இரண்டுக்கும் முன்னால் வைத்துவிட்டு, வாய்ப்பு சமமாகக் கொடுத்தாயிற்று என்று சொல்ல முடியாது. பாத்திரம் இரண்டும் குடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார்.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்க ஒரு வழக்கு உதவும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டுத் தீயணைப்புப் பிரிவில் ஒரு பெண் வேலை பார்த்தார். வேலையில் அவர் மேல் யாரும் குறை சொன்னதில்லை. அரசு புதிதாக உடற்தகுதிச் சோதனைகளைக் கொண்டுவந்தது. மற்றச் சோதனைகளில் அவர் தேறிவிட்டார். ஓட்டத்தில்தான் தடை: இரண்டரைக் கிலோமீட்டரை 11 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். நான்கு முறை முயன்றும், அவருடைய சிறந்த ஓட்டம் 11 நிமிடம் 49.4 விநாடி. வேலை போயிற்று. வழக்கில் வைக்கப்பட்ட சான்றின்படி, ஆண் விண்ணப்பதாரர்களில் 65 முதல் 70 விழுக்காட்டினர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள், பெண்களில் 35 விழுக்காட்டினர்தான்.

1999-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசைப் பார்த்துக் கேட்டது மிக எளிய கேள்வி. இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய அந்த 11 நிமிட ஓட்டம் உண்மையிலேயே தேவையா? தேவை என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, இழந்த சம்பளமும் கிடைத்தது. அவருக்காக மட்டும் 49 விநாடியைத் தளர்த்துங்கள் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் அது வேறு மாதிரித் தீர்ப்பாக இருந்திருக்கும். மற்றவர்கள் ‘ஓட முடியாமல் உள்ளே வந்தவள்’ என்று காலம் முழுக்கப் பேசியிருப்பார்கள். நீதிமன்றம் கை வைத்தது அளவுகோலின் மீது. பெரும்பான்மையினரை வைத்து ஓர் அளவை எழுதிவிட்டு, அதில் பொருந்தாதவர்களுக்குப் போனால் போகிறது என்று கொஞ்சம் இடம் விடுவது போதாது, அந்த அளவையே முதலில் சோதிக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் உயிர்நாடி.

நான் உங்களிடம் சொல்ல விரும்புவதும் அதுதான். ‘இது சமமா, சலுகையா’ என்று சண்டை போடுவதற்கு முன்னால், இப்போது இருக்கிற விதி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேளுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் தோழியின் கேள்விக்கு இதை வைத்துப் பதில் சொல்லிப் பாருங்கள். ஒரு கூட்டம் நடக்கிறது. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வெளியூரில் இருப்பவருக்குத் தொலைபேசி இணைப்பு, எல்லாவற்றுக்கும் அலுவலகம் பணம் செலவழிக்கிறது. அத்தனையும் காது கேட்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. அதை யாரும் அவர்களுக்குக் காட்டிய தயவாகக் கணக்கு எழுதுவதில்லை. பெயர்ப்பாளர் வந்தால் உங்கள் தோழிக்கு மற்றவர்களைவிட ஒரு சொல்கூட அதிகமாகக் கிடைக்கப் போவதில்லை. அறையில் பேசியது என்னவோ அது கிடைக்கும், அவ்வளவுதான். அவர் எழுந்து போனதில் தப்பே இல்லை. உங்கள் குழு அவரிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், அதைச் சைகைமொழியிலேயே அவருக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும்.

சட்ட நிலையும் அவர் பக்கம்தான். ஐ.நா. சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, ஒருவருடைய நிலைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைச் செய்ய மறுப்பதையே பாகுபாட்டின் ஒரு வகை என்று இரண்டாவது பிரிவில் வரையறுக்கிறது. செய்து கொடுப்பது தாராள மனசு என்று அது சொல்லவில்லை, மறுப்பது பாகுபாடு என்கிறது. அளவுக்கு மீறிய சுமையாக இருந்தால் மறுக்கலாம் என்ற வரம்பும் அதிலேயே உண்டு. ஆனால் அது அளவுக்கு மீறியது என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் வேலை.

இந்தக் கோரிக்கையை ஒரே வரியில் எழுதி விட்டுவிடாதீர்கள். வழக்கறிஞராக எனக்கு இங்கேதான் கவலை. ‘பெயர்ப்பாளர் வழங்கப்படும்’ என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் சைகை தெரிந்த ஒரு சக ஊழியரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடும். யார் ஏற்பாடு செய்வது, எத்தனை நாள் முன்னதாக, எந்தெந்தக் கூட்டங்களுக்கு, செலவு எந்தத் துறையின் கணக்கில் என்பதெல்லாம் மனுவில் வேண்டும். கூட்டம் நீளமானது என்றால் இரண்டு பெயர்ப்பாளர்கள் வேண்டும், ஏனென்றால் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் பெயர்ப்பின் தரம் விழுந்துவிடும். கூட்டத்தில் காட்டப்போகும் தாள்கள் முன்கூட்டியே பெயர்ப்பாளர் கைக்குப் போக வேண்டும். அப்புறம், காது கேளாத எல்லோரும் சைகைமொழி பயன்படுத்துவதில்லை. சிலருக்குத் திரையில் ஓடும் எழுத்து வசதியாக இருக்கும். எது வேண்டும் என்பதை அந்தந்த ஊழியரே சொல்லட்டும். இந்தப் பத்தியை உங்கள் தோழி எழுதினால் மட்டுமே சரியாக வரும்.

தனியாகக் கேட்டால் குறைந்தவர்கள் ஆகிவிடுவோம் என்று மூத்தவர் நினைக்கிறார் அல்லவா? அவருக்கு 1977 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததைச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்று 1973-இல் ஒரு சட்டப்பிரிவு வந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தது. நூறு பேருக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் அங்கிருந்த மத்திய அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். வெளியே போகவே மாட்டோம் என்றார்கள். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, காது கேளாத போராட்டக்காரர்கள் ஜன்னலில் நின்று வெளியில் இருந்தவர்களுக்குச் சைகையில் செய்தி சொன்னார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் அந்த முற்றுகை நீடித்தது. ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது. சாய்தளமும் பெயர்ப்பாளரும் கேட்டவர்கள் அவர்கள். யார் முன்னாலும் தலை குனிந்து கேட்கவில்லை.

சரி, இரவுப் பணிக்கு வருகிறேன். உங்கள் மனுவிலேயே எனக்குச் சங்கடம் தந்தது இதுதான், இங்கே நான் மூத்தவர் பக்கம் நிற்கிறேன்.

பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று போட்ட சட்டங்கள் கடைசியில் என்ன செய்தன என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலம், சலவை நிலையங்களிலும் ஆலைகளிலும் பெண்கள் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. 1908-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ரொட்டி ஆலைத் தொழிலாளர்களுக்கான அதே பத்து மணி நேர வரம்பை மூன்று வருஷம் முன்புதான், 1905-இல், அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதனால் ஃப்ளாரன்ஸ் கெல்லி போன்ற தொழிலாளர் தலைவர்கள் பெண்களுக்காவது கிடைக்கட்டும் என்று இந்தச் சட்டத்துக்குத் துணை நின்றார்கள். அவர்கள் நோக்கத்தில் எந்தக் களங்கமும் இல்லை. ஆனால் நீதிமன்றம் சொன்ன காரணம் விஷம். பெண்ணின் உடலமைப்பும் தாய்மையும் அவளைப் பலவீனமாக்குகின்றன, ஆகவே அவளைப் பாதுகாக்கச் சட்டம் போடலாம் என்றது.

அந்தக் காரணம் அதோடு நிற்கவில்லை. பெரிய நகரங்களின் உணவகங்களில் பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்ற நியூயார்க் சட்டம் 1924-இல் நிலைநிறுத்தப்பட்டது. மதுக்கடையில் பானம் ஊற்றிக் கொடுக்கும் வேலையைப் பெண்கள் செய்யக்கூடாது, கடைக்கார ஆணின் மனைவியோ மகளோ மட்டும் செய்யலாம் என்ற மிச்சிகன் சட்டத்துக்கு 1948-இல் ஒப்புதல் கிடைத்தது. யாரைப் பாதுகாத்தார்கள் இங்கே? நல்ல வருமானம் தரும் வேலைகளை ஆண்களுக்காகப் பாதுகாத்தார்கள். 1923-இல் பெண்ணுரிமைப் போராளி ஆலிஸ் பால், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதும் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஃப்ளாரன்ஸ் கெல்லியும் ஒருவர். சமம் என்று ஆகிவிட்டால் பெண் தொழிலாளர்களுக்குப் பாடுபட்டு வாங்கிய பாதுகாப்பெல்லாம் போய்விடும் என்பது அவர் பயம். இரண்டு பேரும் பெண்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர்கள். உங்கள் குழுவில் இப்போது நடக்கும் சண்டைதான் அது.

அந்தச் சிக்கல் எப்படி அவிழ்ந்தது என்பது உங்களுக்குப் பயன்படும். 1938-இல் வந்த நியாய உழைப்புத் தரச் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் வைத்தது. 1941-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பெண்ணுக்குத் தனியாக வாங்கிய பாதுகாப்பு எல்லோருக்கும் பொதுவானதும், அவளை வேலையிலிருந்து தள்ளிவிட அதைக் காரணமாகச் சொல்லும் வழி அடைபட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. 1919-இல் ஆலைப் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று உடன்படிக்கை போட்ட அமைப்பு, 1990-இல் இரவில் வேலை செய்யும் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மருத்துவப் பரிசோதனை, உடல்நலக் காரணத்தால் இரவு வேலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்றுப் பணி, மகப்பேற்றை ஒட்டிய வாரங்களில் இரவுப் பணிக்கு மாற்று என்று அதில் விவரமாக இருக்கிறது.

உங்கள் மூன்றாவது கோரிக்கையை அந்த மாதிரி எழுதுங்கள். இரவில் எது பயமாக இருக்கிறது? வீட்டுக்குப் போகும் வழியா, ஆளில்லாத தளத்தில் தனியாக உட்காருவதா, ஓய்வறை இல்லாததா, அடுத்தடுத்து இரவுகள் போடுவதா? அதைக் கேளுங்கள், எல்லோருக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெண்களுக்கு இரவே வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட்டால், இரவுப் படி போகும். இரவு முறையைத் தலைமை தாங்கி நடத்திய அனுபவம் போகும். இரண்டு வருஷம் கழித்து அந்த அனுபவம் இல்லை என்று சொல்லி மேல்பதவியை மறுப்பார்கள். அப்போது நான்காவது கோரிக்கையை உங்கள் மூன்றாவது கோரிக்கையே வெட்டிவிடும். இன்னொன்றும் கவனித்தேன். இப்போது இரவில் வேலை செய்யும் பெண்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக ஒன்றைக் கேட்பது எந்தக் குழுவும் செய்யக்கூடாத காரியம்.

கர்ப்பம் மட்டும் இதில் வேறு கணக்கு. அங்கே உடல் வித்தியாசம் உண்மையானது, யாரும் கற்பித்தது அல்ல. கலிஃபோர்னியாவில் ஒரு சேமிப்பு வங்கியின் வரவேற்பாளர் 1982-இல் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால் அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். கர்ப்பத்தால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு நான்கு மாதம் வரை சம்பளமில்லா விடுப்பும், திரும்பி வர உரிமையும் அந்த மாநிலச் சட்டத்தில் இருந்தது. இது ஆண்களுக்குப் பாரபட்சம் என்று வங்கி வழக்காடியது. பெண்கள் அமைப்புகளே இரண்டாகப் பிரிந்தன. சட்டம் அப்படியே நிற்கட்டும் என்று ஒரு பக்கம். பெண்களுக்கு மட்டும் என்று தனியாக வைத்தால் நாளை வேலையே கொடுக்க மாட்டார்கள், உடல்நிலையால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத எல்லோருக்கும் விடுப்பை விரித்துவிடுங்கள் என்று இன்னொரு பக்கம்.

1987-இல் உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த விடுப்பு உடலால் வேலை செய்ய முடியாத நாட்களுக்கு மட்டுமே என்பதால், பெண்களைப் பற்றிய பழைய கற்பனைகளை அது சுமந்து வரவில்லை என்று பிரித்துக் காட்டினார். பெண்களும் ஆண்களைப் போலவே வேலையை இழக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ள அது வழி செய்கிறது என்றார். தனி ஏற்பாடு எங்கே கதவைத் திறக்கிறது, எங்கே பூட்டுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் கழித்து, 1993-இல், குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் 12 வாரச் சம்பளமில்லா விடுப்பைக் கொடுத்தது. இரண்டு பக்கத்தார் கேட்டதும் ஒருவகையில் கிடைத்தது.

நான்காவது கோரிக்கைதான் அதிகம் எதிர்ப்பைக் கிளப்பும். இட ஒதுக்கீட்டை நான் ஆதரிக்கிறேன். தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்ததன் விளைவு ‘இன்று முதல் எல்லோரும் சமம்’ என்று ஒரு வரி எழுதியதும் கரைந்துவிடாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1976-இல் கேரள அரசுக்கும் என்.எம். தாமஸுக்கும் இடையிலான வழக்கில், பின்தள்ளப்பட்டவர்களுக்குச் செய்யும் ஏற்பாடு சம வாய்ப்பு என்ற கொள்கைக்கு விதிவிலக்கு இல்லை, அந்தக் கொள்கையின் ஒரு பகுதிதான் என்ற பார்வையை முன்வைத்தது. மூத்தவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லா நாட்டுச் சட்டமும் இப்படி இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிட்டது. எனவே இந்தக் கோரிக்கையை மட்டும் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தவறவிட்டால் பெரிய சேதம். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான 1979-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சமத்துவத்தை விரைவுபடுத்தும் தற்காலிக நடவடிக்கைகளை அது பாகுபாடாகக் கருதுவதில்லை, ஆனால் நோக்கம் நிறைவேறியதும் அவற்றை நிறுத்த வேண்டும் என்கிறது. அதே பிரிவு தாய்மைக்கான பாதுகாப்பைத் தனியாக எழுதுகிறது. அதற்கு முடிவுத் தேதி ஏதும் வைக்கவில்லை. உங்கள் மனுவில் பெயர்ப்பாளரையும் இட ஒதுக்கீட்டையும் ஒரே பத்தியில், ‘சிறப்பு ஏற்பாடுகள்’ என்ற ஒரே தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். நிர்வாகம் என்ன செய்யும் தெரியுமா? ‘ஐந்தாண்டு கழித்து மறுபரிசீலனை’ என்று ஒரு வரியை இரண்டுக்கும் சேர்த்து எழுதிவிடும். மேல்பதவிகளில் எல்லாப் பிரிவினரும் வந்து சேர்ந்தபின் ஒதுக்கீட்டை மறுபடி யோசிக்கலாம். உங்கள் தோழிக்கு ஐந்தாண்டு கழித்துக் காது கேட்டுவிடுமா? இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் கோரிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயருக்கும் முகத்துக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாதபோது அவற்றை மறைப்பது சரியே. நேர்காணலில் எல்லாம் தெரிந்துவிடும் என்பதால், எல்லோரிடமும் ஒரே கேள்விகள், மதிப்பெண் கொடுக்க முன்கூட்டியே எழுதிய அளவுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியை நிர்வாகத்தின் முன் பேச மூத்தவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். அவர் நம்பிக்கை முழுக்க இங்கே செல்லுபடியாகும்.

அவரிடம் பேசும்போது ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2000-இல் தீர்த்த ஒரு கிரேக்க வழக்கைச் சொல்லுங்கள். மத நம்பிக்கையால் ராணுவச் சீருடை அணிய மறுத்துத் தண்டனை பெற்ற ஒருவர், பிற்பாடு கணக்காய்வாளர் தேர்வில் தேறினார். குற்றவாளிக்கு அந்தப் பதவி கிடையாது என்று அரசு மறுத்தது. திருடியவனுக்கும் மோசடி செய்தவனுக்கும் உள்ள அதே விதிதான் அவருக்கும். வேறுபட்ட நிலையில் இருப்பவரைத் தக்க காரணமில்லாமல் மற்றவர்களைப் போலவே நடத்துவதும் பாகுபாடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. மூத்தவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது இந்த அநியாயத்தைத்தான். அவருக்கு அது ஒரு முகத்தைக் காட்டியது, உங்கள் தோழிக்கு வேறு முகத்தைக் காட்டியிருக்கிறது.

தலைப்புக்கு என் யோசனை: ‘எங்களையும் கணக்கில் வைத்து விதிகளை எழுதுங்கள்.’ இதன் கீழே நான்கு கோரிக்கையும் நிற்கும், யாரும் எழுந்து போக வேண்டியிராது. இதைவிட நல்லது உங்கள் குழுவுக்குத் தோன்றினால் அதையே வையுங்கள். ‘சலுகை வேண்டாம்’ என்பது மட்டும் வேண்டாம். அந்த வரியை நாளைக்கு நிர்வாகமே உங்கள் தோழிக்கு எதிராக எடுத்துக் காட்டும்.

மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடந்த சில வருஷங்களில் மேல்பதவிகளுக்கு எந்தெந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் வடிகட்டப்பட்டார்கள், கடைசியில் யார் வந்தார்கள் என்ற விவரத்தை எழுத்துமூலம் கேளுங்கள். எந்தக் கட்டத்தில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நான்காவது கோரிக்கை நிற்கும். ஒருவேளை கோளாறு தேர்வு விதி ஒன்றில் இருந்து, அதை மாற்றினாலே பாதி சரியாகிவிடும் என்றும் தெரியவரலாம். விவரம் கைக்கு வரத் தாமதமானால் அந்தக் கோரிக்கையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் உடனே கொடுத்துவிடுங்கள்.